யூரிக் ஆசிட் ஏறினால் ரத்தக் குழாய்க்கு என்ன ஆகும்? மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் 17 வருஷமாக மருந்தாளுநராக நிற்கிறேன். முன்பெல்லாம் சர்க்கரை ரிப்போர்ட்டையும் கொழுப்பு ரிப்போர்ட்டையும்தான் நீட்டுவார்கள். இப்போது மாஸ்டர் செக்கப் எடுப்பவர்கள் கூடிவிட்டார்கள். அதில் யூரிக் ஆசிட் என்று ஒரு வரி தடித்த எழுத்தில் வந்துவிடுகிறது. அதைப் பார்த்துப் பயந்து வீட்டில் பருப்பையே நிறுத்தியவர்கள் உண்டு. விரல் வலிக்கவில்லையே என்று ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த எண்ணை விரலோடு மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள், பிரஷர், கிட்னி, இதயம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

சத்தி, நம்பியூர், அந்தியூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் கேட்டதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏனுங்க, யூரிக் ஆசிட்னா என்னதுங்க? கொழுப்பு மாதிரி எதாச்சுமா?

கொழுப்பு இல்லை, கழிவு. நம் செல்களில் இருக்கும் மரபுப்பொருளில் பியூரின் என்று ஒரு சரக்கு உண்டு. செல்கள் பழசாகி உடையும்போது அந்தப் பியூரின் கடைசியில் யூரிக் ஆசிட்டாக மாறுகிறது. கறி, மீன் வழியாக வரும் பியூரினுக்கும் இதே வழிதான். மொத்தத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு உடம்பே உண்டாக்குவது. சாப்பாட்டிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்கு. 

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குக் கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது தெரியும். அது யூரிக் ஆசிட்தான். ஆடு, மாடு போன்ற பெரும்பாலான விலங்குகளுக்கு இதை இன்னும் உடைத்துக் கரைக்க யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. மனிதனுக்கு அது வேலை செய்வதில்லை. அதனால் கிட்னியும் குடலும்தான் வெளியே தள்ள வேண்டும், அதிலும் மூன்றில் இரண்டு பங்கு வேலை கிட்னியுடையது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறியவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் அதிகமாக உண்டாவது அல்ல, கிட்னி போதிய அளவு வெளியேற்றாததுதான்.

7.4 இருக்குதுங்க. சாஸ்தியா?

பொதுவாக ஆண்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 7 மி.கி. வரை, பெண்களுக்கு 6 மி.கி. வரை என்று லேப்கள் எல்லை போடுகின்றன. இதில் 6.8 என்பது முக்கியமான எண். உடம்புச் சூட்டில் ரத்தத்தில் அவ்வளவுதான் கரைந்திருக்க முடியும். அதைத் தாண்டினால் ஊசி ஊசியாகப் படிகம் ஆக வாய்ப்பு வருகிறது. ஆக 7.4 அதிகம்தான், ஆனால் அவசரமில்லை. ஒரே ஒரு டெஸ்டை வைத்து முடிவுக்கு வரவும் வேண்டாம். முந்தின நாள் விருந்து, தண்ணீர் குடிக்காமல் பஸ் பயணம், நீண்ட பட்டினி எல்லாமே எண்ணை ஏற்றும். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்.

எனக்குக் காலு வலி, விரலு வலி ஒண்ணுமே இல்லைங்க. அப்புறம் எதுக்கு வெசனப்படோணும்?

யூரிக் ஆசிட் அதிகமாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு கவுட் என்கிற மூட்டு வலி வருவதே இல்லை. அதனால் வலி இல்லாதது ஆச்சரியமில்லை. வெசனம் வேண்டாம், கவனம் வேண்டும். இந்த எண் ஏறியிருக்கும் ஆட்களிடம் பிரஷர், சர்க்கரை, தொப்பை, கிட்னிக் கோளாறு இவையும் கூடவே இருப்பது ரொம்ப சகஜம். ரிப்போர்ட்டோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியா எப்போங்க பிரஷர் பார்த்தீங்க?" என்பதுதான். "பார்த்ததே இல்லீங்க" என்று பதில் வந்தால், அன்றைக்கு அவருக்கு யூரிக் ஆசிட்டை விட அதுதான் பெரிய விஷயம்.

ரத்தக் குழாய்க்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ரத்தக் குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு அடுக்குச் செல்லால் மெழுகியது போல இருக்கும். எண்டோதீலியம் என்று பெயர். குழாய்க்கு வெறும் பூச்சாக மட்டும் அது இருப்பதில்லை. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அது ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வாயு பட்டால்தான் சுற்றியுள்ள தசை தளர்ந்து குழாய் விரியும். நீங்கள் பச்சைமலை முருகன் கோயில் படி ஏறும்போது காலுக்கும் இதயத்துக்கும் கூடுதல் ரத்தம் போவது அப்படித்தான். ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் காப்பதும் அதே வாயுதான்.

யூரிக் ஆசிட் ரத்தத்தில் கரைந்து ஓடும்போது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நல்ல வேலையும் செய்கிறது. செல்லுக்குள் புகுந்துவிட்டால் நேர்மாறு. ஆய்வகத்தில் செல்களை வளர்த்துப் பார்த்ததில் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, அழற்சி கிளம்புகிறது, சுவரிலுள்ள தசைச் செல்கள் பெருகுகின்றன. இன்னொரு பக்கமும் உண்டு. பியூரினை யூரிக் ஆசிட்டாக மாற்றும் நொதி சாந்தீன் ஆக்சிடேஸ். அது வேலை செய்யும்போதே சூப்பராக்சைடு என்ற துடுக்கான மூலக்கூறையும் வெளிவிடுகிறது. அது கைக்குக் கிடைத்த நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடும். கெடுதலில் யூரிக் ஆசிட்டின் பங்கு எவ்வளவு, அந்த நொதியின் பங்கு எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

பெரிய குழாய்களை விட, கிட்னிக்குள் நுழையும் மயிரிழைக் குழாய்கள்தான் இதில் முக்கியம். எலிகளில் அவை தடித்துப் போனதைப் பார்த்திருக்கிறார்கள். அவை தடித்தால் கிட்னிக்கு ரத்தம் குறைவாக வருவதுபோலத் தெரியும். உடனே அது ரெனின் என்ற சுரப்பை விட்டு உடம்பு முழுக்க அழுத்தத்தை ஏற்றும். கிட்னி தளர்ந்தால் யூரிக் ஆசிட் வெளியேறுவதும் குறையும். செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம்.

சொட்டு நீர் பைப்புல உப்புப் படிஞ்சு அடைக்குமல்லங்க, அதே மாதிரி குழாயை அடைச்சுப் போடுமா?

தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் கேட்பது இது. நல்ல கேள்வி, ஆனால் படம் வேறு. உப்புத் தண்ணீர் சொட்டுவானின் வாயை அடைக்கிறது; ஆசிட் விட்டுக் கழுவினால் திறந்துகொள்ளும். ரத்தக் குழாயில் மாரடைப்புக்குக் காரணமான அடைப்பு, சுவருக்குள் கொழுப்பும் அழற்சியும் சேர்ந்து பல வருஷமாக வளர்வது. யூரிக் ஆசிட் படிகம் படிந்து குழாய் அடைத்துக்கொள்வது அதன் வழியல்ல. மேலே சொன்னபடி, குழாயின் விரியும் குணம் கெடுவதும் சுவர் தடிப்பதும்தான் இங்கே பேச்சு. பைப்பே விறைத்துப் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிட் விட்டுக் கழுவும் வழி உடம்பில் கிடையாது.

பிரசர் வந்ததால யூரிக் ஆசிட் ஏறுச்சா, யூரிக் ஆசிட் ஏறுனதால பிரசர் வந்துச்சா?

இரண்டும் நடக்கும். எலிகளுக்கு யூரிக் ஆசிட்டை லேசாக ஏற்றிப் பார்த்தபோது பிரஷர் ஏறியது, குறைத்தால் இறங்கியது. 2008-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், புதிதாக பிரஷர் கண்ட வளரிளம் பருவத்தினர் 30 பேருக்கு, யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரையைக் கொடுத்தார்கள். 20 பேருக்கு பிரஷர் சரியான அளவுக்கு வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்ட காலத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் 18 முதல் 40 வயதுவரை உள்ளவர்களிடம் பின்னால் செய்த ஆய்வில் பிரஷர் இறங்கவில்லை, குழாய் விரியும் திறன் மட்டும் கொஞ்சம் கூடியது. வயது ஏற ஏறச் சுவர் தடித்துவிட்டால், யூரிக் ஆசிட்டை இறக்கினாலும் பிரஷர் இறங்காது என்பது ஒரு விளக்கம்.

மறுபக்கம், பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே யூரிக் ஆசிட்டை ஏற்றும். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் இரண்டும் அப்படி. பல கூட்டு மாத்திரைகளில் பெயரின் கடைசியில் இவை ஒட்டிக்கொண்டிருக்கும். லோசார்ட்டான் நேர்மாறாகக் கொஞ்சம் குறைக்கும். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிரஷர் மாத்திரையைத் திடீரென்று விடுவது யூரிக் ஆசிட்டை விடப் பெரிய ஆபத்து. ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டையையும் சேர்த்து டாக்டரிடம் காட்டி, மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

சரிங்க, மாத்திரை போட்டு இறக்கிட்டா ஹார்ட் அட்டாக் வராதல்ல?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. எனக்கும் இதில் முன்பு நம்பிக்கை இருந்தது. 2022-ல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஏற்கெனவே இதய நோய் உள்ள, கவுட் இல்லாத, 60 வயது தாண்டிய 5,700-க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு அலோப்யூரினாலை 600 மி.கி. வரை கொடுத்து, சராசரியாக ஐந்து வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகக் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எதிலும் வித்தியாசமில்லை. 2020-ல் வந்த இரண்டு ஆய்வுகளில் கிட்னி கெடுவதையும் அந்த மாத்திரை தாமதப்படுத்தவில்லை.

ஆகவே வலியும் கிட்னிக் கல்லும் இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் மாத்திரை வேண்டியதில்லை. குழாயைக் காப்பாற்ற நிரூபணமான வழிகள் வேறு: பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைப்பது, பீடி சிகரெட்டை விடுவது, நடப்பது. யூரிக் ஆசிட் அந்த வேலைகளை உங்களுக்கு நினைவூட்டும் மணி. மணியின் நாக்கைக் கழற்றி வைத்தால் தீ அணையாது.

பின்ன அந்த மாத்திரை யாருக்குத்தானுங்க?

கவுட் அடிக்கடி வருபவர்களுக்கு, அதாவது வருஷத்துக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ, காதிலும் விரல் மூட்டிலும் சுண்ணாம்புக் கட்டி மாதிரி தங்கியவர்களுக்கு, மூட்டு தேய்ந்தவர்களுக்கு. யூரிக் ஆசிட் கல் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கும் டாக்டர் யோசிப்பார். இவர்களுக்கு எண் 6-க்குக் கீழே போக வேண்டும். குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள். முதல் சில மாதம் வலி அடிக்கடி வரக்கூடும். "மாத்திரை சேரலீங்க" என்று அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். பழைய படிகம் கரைந்து இளகும்போது வரும் வலி அது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உடனே நிறுத்தி அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அலோப்யூரினால் ஆரம்பித்த முதல் வாரங்களில் உடம்பில் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் தாமதிக்கவே கூடாது. அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு விரல்ல தீ வெச்ச மாதிரி எரியுதுங்க. வலி மாத்திரை மட்டும் ஒரு அட்டை குடுத்துருங்க.

ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் செருப்பு, இடது கால் வெறுங்கால். கட்டை விரலின் அடிமூட்டு கத்திரிக்காய் நிறத்தில் பளபளவென்று வீங்கியிருந்தது. வேட்டி நுனி உரசினால்கூடத் தாங்காமல் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக வலி வரும்போதெல்லாம் ஏதோ ஒரு கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டே ஓட்டியிருக்கிறார். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறவர். அட்டை கொடுக்காமல் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் அனுப்பினேன். டெஸ்டில், கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.3. கிட்னி பாதிக்கு மேல் போயிருந்தது.

அந்த வகை வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் மழுங்கடிக்கும். கிட்னி நன்றாக இருப்பவருக்கு டாக்டர் சில நாளுக்கு எழுதித் தருவது வேறு, தானாக அட்டை அட்டையாகப் போடுவது வேறு. கோல்சிசின் போன்ற மற்ற மருந்துகளும் உண்டு, அவற்றுக்கும் அளவு பார்க்க வேண்டும். வலி நேரத்தில் எடுக்கும் ரத்த டெஸ்டில் யூரிக் ஆசிட் சரியான அளவில் வரக்கூடும். அதைப் பார்த்து "இது கவுட் இல்லை" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022-ல் பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை அலசியதில், கவுட் வலி வந்த அடுத்த 60 நாளில் மாரடைப்பும் பக்கவாதமும் வழக்கத்தை விடக் கூடுதலாகத் தெரிந்தன. மூட்டில் எரியும் அழற்சி மூட்டோடு நிற்பதில்லை. விரல் வலி வந்த ஒன்றிரண்டு மாதத்தில் நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், கை கால் மரத்துப் போதல் வந்தால் வாயுப் பிடிப்பு என்று சுக்குக் காபி போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

கொள்ளு, தட்டப்பயிறு, காளான் எல்லாம் நிறுத்தோணும்னு சொல்றாங்களே?

வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் கொள்ளுப் பருப்பும் அரிசியும் பருப்பும் சாதமும் இல்லாவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? அமெரிக்காவில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருஷம் கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், கறியும் கடல் உணவும் கவுட்டைக் கூட்டின. பியூரின் உள்ள காய்கறிகள் கூட்டவில்லை. பாலும் தயிரும் குறைத்தன. கொழுப்பு எடுத்த மோரை மத்தியானம் ஒரு சொம்பு குடியுங்கள், உப்பை மட்டும் பிரஷருக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். கிட்னி ஏற்கெனவே கெட்டவர்களுக்குப் புரத அளவு வேறு, அதை டாக்டர் சொல்வார்.

கெடா வெட்டுக்குப் போயித்தானுங்க ஆகோணும். என்ன பண்றது?

போங்கள். ஒரம்பரை எல்லாம் கூடும் இடத்துக்குப் போகாமல் எப்படி? ஈரல், சுவரொட்டி, குடல் இந்த மூன்றையும் தள்ளிவிடுங்கள், பியூரின் குவிந்திருப்பது உறுப்புக் கறியில்தான். எலும்புக் குழம்பைக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்காதீர்கள். வேகும்போது பியூரின் தண்ணீரில் இறங்கும். சதைக்கறி நாலு துண்டு போதும். மீனில் மத்தி, நெத்திலி கவனம்.

விருந்துக்கு மறுநாள் விரல் பிடிப்பதற்குக் காரணம் கறி மட்டுமல்ல. கறி, சரக்கு, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலைந்தது, மூன்றும் ஒரே நாளில் சேர்ந்துவிடுகின்றன. பீர் வேண்டாம், பிராந்தி பரவாயில்லை என்பதும் சரியல்ல. பீர் மோசம், ஆனால் எந்தச் சாராயமும் கிட்னி யூரிக் ஆசிட்டை வெளியேற்றுவதைக் குறைக்கும்.

வெள்ளைச் சக்கரையை உட்டுட்டு நாட்டுச் சக்கரைக்கு மாறிட்டேனுங்க. இப்ப ஒண்ணுமில்லையல்ல?

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம் எல்லாமே பெரும்பாலும் அதே இனிப்புதான். இனிப்பின் பாதி ஃபிரக்டோஸ். அது கல்லீரலில் எரியும்போது செல்லின் எரிபொருளான ஏடிபி மளமளவென்று செலவாகி, உடைந்து, யூரிக் ஆசிட்டாகிறது. கறியே தொடாதவருக்கு எண் ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். பாட்டில் குளிர்பானம், கரும்புச்சாறு, டம்ளர் நிறைய ஜூஸ், தெளுவு எல்லாம் இதே கணக்கு. பழத்தைக் கடித்துச் சாப்பிடுவதில் அவ்வளவு பயமில்லை. பால் சேர்த்த காபி குடிக்கலாம், காபி குடிப்பவர்களுக்குக் கவுட் குறைவு என்றே தெரிகிறது. சர்க்கரையை மட்டும் விடுங்கள்.

திருப்பூர்ல அயர்ன் வேலைங்க. நாள் முச்சூடும் வேர்த்துக் கொட்டுது. அதனாலயும் ஏறுமா?

ஏறும். உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீர் சுண்டும், யூரிக் ஆசிட் தங்கும், கல் உருவாகவும் வசதி. சிறுநீர் தெளிந்த இளமஞ்சளில் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். வேலை முடிந்து மொத்தமாகக் குடிப்பதை விட மேசைப் பக்கத்திலேயே ஒரு பாட்டில் வைத்துக்கொள்வது நல்லது. இதயம் தளர்ந்தவர்களும் கிட்னி நோயாளிகளும் மட்டும் எத்தனை லிட்டர் என்று கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும்.

எங்கம்மாவுக்கு 58 வயசு. பொம்பளைங்களுக்கு இது வராதுன்னாங்களே?

மாதவிடாய் இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன், கிட்னி யூரிக் ஆசிட்டை வெளியேற்ற உதவுகிறது. நின்ற பிறகு அந்தத் துணை போய்விடும், எண் ஏறும். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையும் இருந்தால் மேலே சொன்ன ஹைட்ரோகுளோரோதையசைடோ குளோர்தாலிடோனோ அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே மாசத்துல பத்துக் கிலோ எளைச்சேனுங்க. யூரிக் ஆசிட் கொறையோணுமல்ல, ஏறிப்போச்சே?

எடை குறைந்தால் நாளடைவில் குறையும். அவசரமாகப் பட்டினி கிடந்தாலும், மாவுச்சத்தை அடியோடு விட்டுக் கறியும் முட்டையுமாகச் சாப்பிட்டாலும் உடம்புக் கொழுப்பு எரிந்து கீட்டோன்கள் என்ற பொருட்கள் உண்டாகும். அவை கிட்னியில் யூரிக் ஆசிட்டோடு போட்டியிட்டு அதை உள்ளேயே நிறுத்திவிடும். மாதத்துக்கு இரண்டு மூன்று கிலோ என்று இறக்குங்கள்.

எங்கப்பாருக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்குது, கவுட்டும் இருக்குது. ஃபெபுக்சோஸ்டாட் எழுதியிருக்காங்க. அது ஹார்ட்டுக்கு ஆகாதுங்கறாங்களே?

அலோப்யூரினாலைப் போல ஃபெபுக்சோஸ்டாட்டும் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரைதான். 2018-ல் வந்த ஒரு ஆய்வில், இதய நோயும் கவுட்டும் உள்ளவர்களில் ஃபெபுக்சோஸ்டாட் எடுத்தவர்களிடம் இதயச் சாவு அலோப்யூரினாலை விடக் கூடுதலாக இருந்தது. 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை போட்டது. 2020-ல் ஐரோப்பாவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் அப்படிக் கூடுதல் தெரியவில்லை. அப்பாருக்கு அலோப்யூரினால் ஒத்துக்கொள்ளாமல் இதை எழுதியிருக்கலாம். நிறுத்த வேண்டாம். ஸ்டென்ட் வைத்த விவரம் இந்த டாக்டருக்குத் தெரியுமா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். வலிக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர் என்று போகும் வீடுகளில் இந்த விவரம்தான் விட்டுப்போகிறது. ஸ்டென்ட்டுக்காகப் போடும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் ஏற்றும், அதற்காக அதை விடவே கூடாது.

முடக்கத்தான், நாட்டு மருந்துப் பொடி குடிச்சா சரியாயிருமா?

முடக்கத்தான் ரசம், தோசை எல்லாம் சாப்பாடாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பெயர், சரக்கு விவரம் எதுவும் ஒட்டாத பொட்டலப் பொடிதான் பயம். ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கச் சந்தேகப்பட வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றும்.

சரிங்க, இப்ப நான் என்ன டெஸ்ட் எடுக்கோணும்?

பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்கள் ஒழுக ஆரம்பித்துவிட்டதா என்று கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே காட்டித் தருவது அதுதான். ஒரு டப்பாவில் சிறுநீர் கொடுத்தால் போதும், ஊசி குத்த வேண்டியதில்லை. முடிவு வந்ததும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.